ஏழு தட்டும் ஒரு செம்புத் தவலையும்

என் ஆயுசில் நான் அதிகம் சமைத்துப் போட்டது கிருமிகளுக்குத்தான். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் காய்ச்சினேன்.

தூத்துக்குடியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடு போட்ட இரண்டறைக் கட்டடம் ஒன்று இருந்தது. கப்பலிலும் தோணியிலும் வந்து இறங்குகிறவர்களுக்கு வாந்திபேதி, குடல் காய்ச்சல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். டாக்டர் அதை லெபாரட்டரி என்பார். எங்கள் தெருவில் கிருமிக் கூடம் என்பார்கள். அதற்கு முன் நான் ஆஸ்பத்திரி அடுப்படியில் நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? ஒருநாள் டாக்டர் அடுப்படிக்குள் வந்து, "இங்க அடிப்பிடிக்காமக் காய்ச்சுதது யாரு?" என்று கேட்டார். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். மறுநாள் நான் கிருமிக் கூடத்து அடுப்பு முன்னால் நின்றேன்.

"கிருமி கண்ணுக்குத் தெரியாதும்மா. ஒண்ண ஒரு கோடியாப் பெருக்கினாத்தான் தெரியும். பெருகணும்னா தின்னணும். அதுக்கு ஆக்கிப் போடுத சோத்துக்குப் பேருதான் மீடியம்" என்றார் டாக்டர்.

அதுகளின் நாக்கு இருக்கிறதே, பெரிய இடத்து மாப்பிள்ளை நாக்கு. பலதுக்கு மாட்டு நெஞ்சை அரைத்து வேகவைத்து வடித்த சாறு போதும். தொண்டை அடைப்பான் கிருமிக்கு அது ஆகாது. ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிவை உறையவைத்துக் கொடுக்கவேண்டும். சயரோகக் கிருமிக்கு முட்டை. அதுவும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், அவ்வளவு நிதானமான சாப்பாடு. சிலதுக்கு வெறும் உருளைக்கிழங்குத் துண்டு. வாந்திபேதிக் கிருமிக்குப் புளிப்பு ஆகவே ஆகாது. சோடா கலந்த தெளிந்த சாறுதான் அதற்குப் பிடிக்கும். முதல் நாள் சாறு கொதித்ததும் பழக்கதோஷத்தில் அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்துவிட்டேன். டாக்டர் அங்கேயிருந்து கத்தினார்: "எம்மா, அது ஒனக்கில்ல!"

எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஆளைக் கொல்லுகிற ஜந்துக்குச் சோறு போடுவது பாவமில்லையா? மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் கேட்டேவிட்டேன். அவர் என் வேலை என்னவென்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எது வந்திருக்குன்னு பாத்து ஆளக் காப்பாத்தத்தான வளக்கீக? தைரியமாக் காய்ச்சு" என்றார். அன்றிலிருந்து அடுப்பில் பானை வைத்ததும் வீட்டில் செய்கிற மாதிரியே மூடிமேல் சிலுவை வரைவேன். கம்பவுண்டர் அண்ணாச்சி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அவரைச் சொல்லவேண்டும். டாக்டருக்கு அடுத்தபடி அந்தக் கூடத்தில் அவர்தான். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரர். திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டமாட்டார். மீன் வாடையே ஆகாது. அப்படிப்பட்டவருக்குத் தினமும் மாட்டு நெஞ்சு வேகிற அறைக்குப் பக்கத்து அறையில் வேலை. மூக்கில் கற்பூரத் துண்டு வைத்த துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தங்கச்சி, முருகன் எனக்கு எந்த சென்மத்துக் கணக்கத் தீக்குதானோ!"

"அண்ணாச்சி, ஒங்களுக்கா ஆக்குதேன்? விருந்தாளி வேற ஆளு, நீங்க ஏன் மூக்கப் பிடிக்கிய?"

அப்போதுதான் உலகச் சண்டை வந்தது. சாற்றைக் கட்டியாக உறையவைக்க ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகார் நின்றுபோனது. வேம்பார், கீழவைப்பார்ப் பக்கம் கடலில் கிடக்கிற கஞ்சிப்பாசியை மூட்டையாக வாங்கி, மணலில் காயவைத்து வெளுத்து, உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, கொதிக்கவைத்து வடிகட்டினேன். அது நன்றாகவே உறைந்தது. காயல்பட்டினத்து வீடுகளில் நோன்பு மாதத்தில் பாலும் சீனியும் ஊற்றிக் கடல்பாசியைத் தட்டில் உறையவிட்டுத் துண்டு போடுவார்கள். நான் பாலுக்குப் பதிலாக நெஞ்சுச் சாறு ஊற்றினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது சிவப்புத் தட்டு. சாறு, பாசி, பித்தஉப்பு, பால்சர்க்கரை, ஒரு சிவப்பு மருந்து எல்லாம் சேர்த்து மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவிடுவது. எந்த நல்ல மனுஷன் வயிற்றிலும் குடியிருக்கிற சாதுவான கிருமிகள் இதில் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பாக எழும்பும். அவற்றுக்கு நான் உள்ளூர்க்காரர்கள் என்று பேர் வைத்திருந்தேன். நோய்க் கிருமிகள் வெளுப்பாக வரும். அவை வெளியூர்க்காரர்கள். படிக்காத எனக்கும் தட்டைத் திறந்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். உள்ளூர்க்காரர்கள் இல்லாத தட்டை அதுவரை நான் பார்த்ததேயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போய்வருகிற தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவன். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போன மறுவருஷம், மாசி மாதம், எங்கள் மூத்த மகளுக்குக் கலியாணம் குறித்திருந்தோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும்; இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை கலியாணம். புதன்கிழமை சாம்பல் புதன். அன்று தவசுகாலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறுவரை கோயிலில் கலியாணம் கிடையாது. மாப்பிள்ளையும் கடல்காரன், அதுவரை கரையில் காத்திருக்கமாட்டான். பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் தோணி வந்தது. வழியில் ஒரு மாலுமிக்கு வாந்தியும் போக்கும். அவரையும் சேர்த்துத் தோணியில் இருந்த ஏழு பேரையும் கரையில் தடுப்புக் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். ஏழு பேருடைய மலத்தையும் சோதித்து, வாந்திபேதி இல்லை என்று கிருமிக் கூடம் எழுதிக் கொடுத்தால்தான் வெளியே விடுவார்கள். எழுதிக் கொடுக்கவேண்டியது எங்கள் கூடம். தட்டு காய்ச்சவேண்டியவள் நான்.

அன்றைக்கென்று என் எனாமல் பானையின் அடி விட்டுப்போயிருந்தது. சண்டைக் காலத்தில் வேறு பானைக்கு எங்கே போவேன்? டாக்டரும் இல்லை. திருச்செந்தூர் மாசித் திருவிழாக் கூட்டத்துக்கு ஊசி போடப் போயிருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில் என் அம்மா சீதனமாகக் கொடுத்த செம்புத் தவலை இருந்தது. மகளுக்குக் கொடுப்பதற்காகப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தேன். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்துபோயிருந்தது. மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஈயம் மலாயா போனதோடு நின்றுபோயிற்று. பூசுகிறவர் தெருப்பக்கமே வரவில்லை. புளிச்சோறு ஆக்கினால்தானே களிம்பு ஏறும், இது வெறும் சாறுதானே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனசில் வேறொன்றும் இருந்தது. என் புருஷனை வெளியே கொண்டுவரப்போகிற சமையல் இது. வீட்டிலேயே உசத்தியான பாத்திரத்தில் ஆகட்டும் என்ற ஆசை. புளியும் சாம்பலும் போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்து, தலையில் வைத்துக் கொண்டுபோனேன்.

"என்ன தங்கச்சி, சீரா கொண்டாறிய?" என்றார் கம்பவுண்டர்.

"ஆமா அண்ணாச்சி, கிருமிக்குச் சீரு."

அந்தத் தவலையிலேயே சாறும் காய்ச்சினேன், தட்டுக்கான பாசியும் காய்ச்சினேன். வெள்ளிக்கிழமை காலை கொட்டகையிலிருந்து ஏழு புட்டி வந்தது. கம்பவுண்டர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சாற்றில் விட்டார். சனிக்கிழமை அதிலிருந்து கம்பியால் தொட்டுத் தட்டில் கோடாக இழுத்துவிட்டு, சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார். கிருமி பெருகினால் கலங்கவேண்டிய சாறு பளிச்சென்று இருந்ததை நானும் பார்த்தேன். மூன்றாம் ஓலை, பந்தல், பலகாரம் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டு, மூன்றாம் ஓலை வாசித்ததைக் காதாரக் கேட்டுவிட்டுக் கிருமிக் கூடத்துக்கு ஓடினேன். கம்பவுண்டர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, பாயசத்துக்குப் போடு! ஒண்ணுமே இல்ல. ஏழு பேரும் சுத்தம். தாளு எழுதிட்டேன், பியூன் வரவேண்டியதுதான் பாக்கி."

மாதாவே என்று நெஞ்சில் கைவைத்தேன். பிறகு தட்டுகளைப் பார்த்தேன். ஏழும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. வெளியூர்க்காரர்கள் இல்லை. வாஸ்தவம். உள்ளூர்க்காரர்கள் எங்கே?

ஏழு ஆண்பிள்ளைகளின் வயிற்றில் ஒரு கிருமிகூட இல்லையா? வானத்துச் சம்மனசுகள் வயிற்றுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். எங்கள் தோணிக்காரர்களை எனக்குத் தெரியும்.

"தவலையக் கழுவிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். வியாழக்கிழமையிலிருந்து தவலை கழுவாமல் கிடந்தது. அடியில் தங்கியிருந்த சாறு வற்றி, சுற்றிலும் கிளிப்பச்சையாக ஒரு வளையம். களிம்பு. செம்பு இறங்கிய சோறு மனுஷனுக்கே ஆகாது. கிருமி என்ன செய்யும்? செத்திருக்கும். பட்டினி கிடந்து செத்ததுமில்லை, விருந்தில் விஷம் வைத்து நானே கொன்றிருக்கிறேன். தட்டு ஒன்றும் சொல்லவில்லை. வாயைப் பொத்தின சாட்சி மாதிரி இருந்திருக்கிறது.

கல்தொட்டிமேல் புளி இருந்தது. கையில் எடுத்தேன். ஒரே தேய்ப்பு. பச்சை போய்விடும். தாள் கொட்டகைக்குப் போய்ச் சேரும். மதியத்துக்குள் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். நாளைக்கு என் மகள் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைவாள். அவருக்கு ஒன்றும் இல்லை என்றுதான் என் மனசும் சொன்னது. ஆனால் சொன்னது என் மனசுதானே, தட்டு இல்லையே. பந்தியில் எங்கள் தெரு முழுதும் உட்காரும். பிள்ளைத்தாச்சிகள், கைக்குழந்தைகள் எல்லாரும் ஒரே தண்ணீரைக் குடிப்பார்கள். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினேன். முடிக்க வரவில்லை. "இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்" என்று வருகிற இடத்தில் நின்றுபோனேன். புளியை வைத்துவிட்டு, தவலையைக் கழுவாமல் தூக்கிக்கொண்டுபோய்க் கம்பவுண்டர் மேசைமேல் வைத்தேன்.

"என்னது இது?"

"பச்சையப் பாத்தியளா அண்ணாச்சி? கிருமி இல்லாம இல்ல. நான் போட்ட சோறு கெட்ட சோறு."

அவர் தவலையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், எழுதிய தாளைப் பார்த்தார். மூக்குத்துணியை அவிழ்த்தார்.

"ஏளா, ஒனக்கு என்ன கிறுக்கா? ஒன் வீட்டுக்காரரு வெளிய வாரதுக்கு நீயே குறுக்க நிக்கியே! நாளைக்கு ஒன் மகளுக்குக் கலியாணம்!"

"தெரியும் அண்ணாச்சி. மூணாம் ஓலையக் கேட்டுட்டுத்தான் வாரேன்."

"நான் ஒண்ணும் பொய் எழுதல. தட்டுல இல்ல, இல்லன்னு எழுதினேன்."

"நீங்க எழுதினது சரிதான். தட்டுதான் பொய்."

அவர் அந்தப் பச்சையை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தாளை நாலாகக் கிழித்தார். "இன்னைக்குக் காய்ச்சினா நாளைக்கு விதைக்கலாம். செவ்வா காலைல முளைச்சிரும். செவ்வாக்கிழம உங்க சாமி கலியாணம் வைப்பாரா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

சாமியார் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டவர், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பூசை வைப்பதாகச் சொன்னார். "அதுக்கு மேல என் கையில இல்ல, பாத்துக்க. மறுநாள் சாம்பல்." ஞாயிற்றுக்கிழமை அடுப்புமுன் உழைப்பது பாவமில்லையா என்றும் கேட்டேன். "ஒன் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமையும் பசிக்குதாக்கும்? போய்ப் போடு" என்றார்.

சம்பந்தி வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. மாப்பிள்ளையின் அம்மா முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றின கையை நிறுத்தவேயில்லை.

"நல்ல நேரம் பாத்து கலியாணம் வைப்பாவ, நான் கேட்டிருக்கேன். கிருமி முளைக்குததப் பாத்து வைக்குதவள இப்பதான் பாக்கேன்."

"ஒரே நாளு மதினி."

"ஒரு நாளு முறுக்கு தாங்கும். ஆட்டுக்கறி தாங்குமா?" என்றவள், என் முகத்தைப் பார்த்து, "சரி, ஆட்ட நாளைக்கு அறுக்கச் சொல்லுதேன். அழாத, மாவுல விழுது" என்றாள்.

கடைசியாகக் கொட்டகை. கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். ஏழு புதுப் புட்டிகளை நடுவில் வைத்தேன்.

"ஏளா, மறுபடியுமா? கொடுத்ததுதான கொடுத்தோம். இங்கன கஞ்சியத் தவிர ஒண்ணும் தரதில்ல, எங்கயிருந்து வரும்?" என்று கத்தினார். பின்னால் மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். பேதி கண்ட மாலுமிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பாத்திரம்?"

"எங்க அம்மா தந்த செம்புத் தவல."

"நெனச்சேன்" என்றார். "ஒங்க அம்ம வீட்டுச் சாமான் எதுதான் எனக்கு ஒத்துவந்திருக்கு?" பிறகு குனிந்து ஒரு புட்டியை எடுத்துக்கொண்டார். "நீ செஞ்சது சரிளா. போ, ஒழுங்காக் காய்ச்சு."

கலியாணத்துக்கு வாங்கி வைத்திருந்த புது மண்பானை ஒன்றை எடுத்து, இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுச் சாற்றையும், பிறகு தட்டுக்கான பாசியையும் ஏற்றினேன். நான் சாமியார் வீட்டுக்கும் கொட்டகைக்கும் அலைந்த நேரத்தில் மாட்டு நெஞ்சை அரிந்து வைத்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கம்பவுண்டர்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொல்லி அரிந்திருக்கிறார். துண்டுகள் ஒன்று கோழிமுட்டை அளவு, ஒன்று நெல்லிக்காய் அளவு. திரும்ப அரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை விதைத்தோம். மகளின் கலியாணப் பூசை நடந்திருக்கவேண்டிய நேரத்தில் நான் சூட்டுப்பெட்டி முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் கம்பவுண்டர் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாறு அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. "தின்னுதுக தங்கச்சி, தின்னுதுக!" என்று அவர் கத்தினதும் நான் கைதட்டினதும் ஆஸ்பத்திரிவரை கேட்டதாம். உள்ளே இருப்பது எந்த ஊர்க்காரன் என்று தெரியாமலே அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலமே கம்பவுண்டர் அதைத் தட்டுகளில் இழுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கூடத்துக்குப் போனால் டாக்டர் வந்திருந்தார். கம்பவுண்டர் எல்லாம் சொல்லியிருந்தார் போலும். தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். முதல் தட்டு. இரண்டாம் தட்டு. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாரும்மா."

ஏழு தட்டிலும் குங்குமம் சிதறின மாதிரி உள்ளூர்க்காரர்கள். கூட்டமாக, நெருக்கமாக, திருவிழாவில் தேர் பார்க்க நிற்கிற சனம் மாதிரி. வெளுப்பாக ஒருவர்கூட இல்லை. பேதி கண்டவனுக்கும் வயிற்றுக் கோளாறுதான். கொழும்பில் கெட்ட மீன் எதையோ தின்றிருக்கிறான்.

"செம்புல காய்ச்சக் கூடாதுன்னு என் புஸ்தகத்துலயே இருக்கு. ஒனக்குச் சொல்லாதது என் தப்பு" என்றார் டாக்டர். தாளில் கையெழுத்துப் போட்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, ஒண்ணுமில்லன்னு!" என்றார் கம்பவுண்டர்.

"அன்னைக்குச் சொன்னது நீங்க அண்ணாச்சி. இன்னைக்குத்தான் தட்டு சொல்லுது."

கொட்டகையிலிருந்து ஏழு பேரும் பினைல் தண்ணீரில் குளித்து, நேராகக் கோயிலுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் பட்டுச் சட்டை போட்டிருந்தும் மகளோடு நடந்து வருகையில் சாம்பிராணி வாசனையை மீறிக்கொண்டு பினைல் வந்தது. சம்பந்தியம்மாள் என் காதில், "ஒங்க வீட்டுல இனி ஒரு கொசு வராது" என்றாள். பந்தியில் கம்பவுண்டர் தனியாக உட்கார்ந்து வாழைப்பழமும் சீனியும் மட்டும் சாப்பிட்டார். "முந்தாநேத்து முழுக்க அரிஞ்சிய, இன்னைக்கு ஒரு துண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டதற்கு இலையை மூடிக்கொண்டார்.

தவலையை எடுத்துக்கொள்ள மகள் முதலில் மாட்டேன் என்றாள். "கிருமியே பொழைக்காத பாத்திரம், எனக்கு எதுக்கும்மா?" டாக்டர் விருந்துக்கு வந்திருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதான் தாயி நல்லது. நல்லாக் கழுவிக் குடிக்கத் தண்ணி ஊத்தி வை. ஆக்க மட்டும் ஆக்காத." அப்படித்தான் அவள் வீட்டில் அது தண்ணீர்த் தவலை ஆனது.

மறுநாள் சாம்பல் புதன். பூசை கண்டு, நெற்றியில் சாம்பலோடு கிருமிக் கூடத்துக்குப் போனேன். வேலை முடிந்த தட்டுகளைக் கொதிக்கவைத்துக் கழுவுவது என் பொறுப்பு. அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். ஏழாவதில் என் வீட்டுக்காரர் பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து அந்தச் சிவப்புப் பொட்டுகளை இன்னொரு தடவை பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டிருந்தன. வழக்கம்போல ஒரு சிலுவை வரைந்துவிட்டு, தண்ணீரில் விட்டேன்.